பெரும்பாக்கத்துக்கு எங்கள் மாடியில் பிரசவம்

மீட்ட பூனையைத் தற்காலிகமாக வளர்ப்பது என்பது, வலியை அதற்கும் பயத்தை நமக்கும் என்று பங்கு பிரித்துக்கொள்ளும் தொழில். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. நிரந்தர வீடு கிடைக்கும்வரை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லை நம்பி இறங்கிவிட்டு, இப்போது அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற என் இனத்தவரே, இது உங்களுக்காக.

ஓகே என்று அடித்தேன்

நான் பேசுகிற ரகம் இல்லை. கல்லூரியில் பதில் தெரிந்தால் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வேன், அவள் எழுந்து சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொள்வாள். அதனால்தான் பூனை மீட்பு வாட்ஸ்ஆப் குழு எனக்குப் பிடித்திருந்தது. அங்கே யாரும் பேச வேண்டாம், படத்துக்கு இதயம் போட்டால் போதும். குழுவை நடத்துபவர் ஷீபா அக்கா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறார். பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கொடுக்கும்போது அழுவீர்கள் என்பதால், பூனைகளை மீட்ட ஊரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். 'அஸ்தினாபுரத்துக்கு வயிற்றுப்போக்கு', 'செம்பாக்கம் இன்று நன்றாகச் சாப்பிட்டது' என்றெல்லாம் செய்தி வரும். புதிதாகச் சேர்ந்தவர்கள் நகராட்சிக் குழுவோ என்று பயந்து வெளியேறியதும் உண்டு.

அப்படித்தான் ஒருநாள் 'பெரும்பாக்கம்' வந்தது. அங்கே ஒரு குடியிருப்பு பிளாக்கின் மாடிப்படிக்கு அடியில் நாய்களுக்குப் பயந்து ஒடுங்கிக் கிடந்த கர்ப்பிணிப் பூனை. சாம்பல் நிறம், பின்காலில் லேசான நொண்டல். 'நீ வெச்சுக்கிறியா?' என்று அக்கா எனக்குத் தனியாகக் கேட்டார். முடியாது என்பதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று வெகுநேரம் யோசித்தேன். வழி தெரியாமல் 'ஓகே' என்று அடித்தேன்.

எங்கள் தெருமுனை ஆட்டோக்காரர் சேகர் அண்ணாவோடு போய்க் கூட்டிவந்தேன். மடியில் கூடை, கூடைக்குள் கனத்த வயிறு. ஒவ்வொரு குழியிலும் அது என்னைப் பார்த்தது, நான் அவர் முதுகைப் பார்த்தேன். கடைசியில் தைரியம் வந்து, "அண்ணா, பள்ளம் இல்லாத ரோடா போங்கண்ணா" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னாமா நீ, அப்டி ஒரு ரோடு வோணும்னா நீதான் போட்டுக் குடுக்கணும். என் வூட்டுக்காரிய பிரசவத்துக்கு இட்டுகினு போனதும் இதே ரோடுதான், அவ கத்துன கத்து இன்னும் காதுலயே கீது!"

வீட்டுக்காரரிடம் சொன்னது

நான் செம்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. கீழே வீட்டுக்காரர்கள், ஜெபமணி டீச்சரும் சாமுவேல் அங்கிளும். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எனக்கு இன்னும் அவரைப் பார்த்தால் வீட்டுப்பாடம் செய்யவில்லையோ என்று தோன்றும். அங்கிள் அதிகம் பேசமாட்டார். வாரம் முழுக்க ஷெட்டில் நிற்கிற வெள்ளைக் காரைத் துடைப்பார், ஞாயிற்றுக்கிழமை அதில் டீச்சரைச் சர்ச்சுக்குக் கூட்டிப் போவார். காருக்கு அதைத் தவிர வேறு வேலை கிடையாது.

படியில் நின்று சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கீழே போனேன். "டீச்சர், ஒரு பூனை, கொஞ்ச நாளைக்கு, அதுக்குக் குட்டி" என்று துண்டு துண்டாக வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாவம், தலைப்பிரசவமா? பாஸ்டர்கிட்ட ஜெபக் குறிப்பு கொடுக்கறேன். பேர் என்ன?" என்றார். உள்ளதைச் சொன்னேன்.

"பெரும்பாக்கமா? ஏன்டி, ஒரு பூனைக்காக ஊருக்கே ஜெபம் பண்ணச் சொல்றியா?"

எக்ஸ்ரே

குரோம்பேட்டையில் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டினேன். அவர் எக்ஸ்ரேவை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வெள்ளையாக நான்கு சின்ன மண்டை ஓடுகள் தெரிந்தன, வேர்க்கடலை அளவில். நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. இடுப்பெலும்பைப் பேனாவால் காட்டினார். எப்போதோ வண்டி இடித்து உடைந்து, தானாகவே கோணலாகச் சேர்ந்திருந்தது. நொண்டலுக்குக் காரணம் அதுதான். குட்டிகள் வரும் வழி குறுகல். சாதாரணமாகவும் பிரசவம் ஆகலாம், ஏதாவது ஒன்று நடுவில் மாட்டவும் மாட்டலாம். மாட்டினால் தாயும் போய்விடும். இப்போதே ஆபரேஷன் செய்தால் குட்டிகள் தாங்காது, வலி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்றார்.

ஆக, நான் வாங்கி வந்திருப்பது ஐந்து உயிர், அத்தனைக்கும் ஒரே கோணல் வாசல். கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் என்னைக் கவனித்துவிட்டு, "நீங்க ரொம்பப் பயப்படுற ஆளா?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாததால் தலையாட்டினேன்.

"நல்லது. பயப்படாதவங்கதான் எல்லாம் முடிஞ்சப்புறம் தூக்கிட்டு வருவாங்க."

காத்திருந்தது

டாக்டர் கொடுத்த சர்டிபிகேட் போல நினைத்து நான் முழு மூச்சாகப் பயந்தேன். பழைய நைட்டிகளை மடித்துப் போட்டு ஒரு அட்டைப்பெட்டி தயார் செய்தேன். பெரும்பாக்கம் அதில் ஏறாமல், நான் லேப்டாப் வைக்கிற மேஜைக்குக் கீழே, என் கால்மேல் வந்து படுத்தது. பெட்டியை மேஜைக்குக் கீழே தள்ளினேன். அது சாப்பிட்டால் ஏன் சாப்பிடுகிறது, சாப்பிடாவிட்டால் ஏன் சாப்பிடவில்லை. நக்கினால் நீர் வடிகிறதோ, நக்காவிட்டால் சோர்வோ. வயிற்றில் கைவைத்தால் உள்ளே யாரோ புரண்டு படுப்பது தெரியும். அந்த ஒரு நிமிடம் நிம்மதி, புரளாத நிமிடமெல்லாம் பயம். எனக்குச் சோறு இறங்கவில்லை, காலையில் எழுந்தால் குமட்டியது, காலெல்லாம் வலித்தது. எல்லாவற்றையும் ஷீபா அக்காவுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"இங்க பாரு, முழுகாம இருக்கிறது அவ. நீ இல்ல."

மீட்டிங்கில் வந்த வலி

வலி நல்ல மத்தியானத்தில், ஆபீஸ் மீட்டிங் நடுவில் வந்தது. மேஜைக்குக் கீழே ஒரு முனகல். குனிந்தால் முதல் குட்டி வெளியே வந்து, தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். அடுத்த குட்டிதான் டாக்டர் சொன்ன குட்டி. பின்னங்கால்களும் வாலும் மட்டும் வெளியே வந்து, அங்கேயே நின்றுவிட்டது. பெரும்பாக்கம் முக்குகிறது, நகர மாட்டேன் என்கிறது. தாயின் வாய் திறந்தபடி இருந்தது. ஒரு கையில் போனைப் பிடித்து டாக்டருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் பிரதீப் சார் என் பெயரைச் சொல்லி, உங்க பகுதி முடிஞ்சதா என்று கேட்டார்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மீட்டிங்கில் நான் பேசியது 'ஆமா சார்' மட்டும்தான். "சார், என் பூனைக்குக் குட்டி பாதியில நிக்குது சார்" என்று அழுதுகொண்டே சொன்னேன். அதற்குள் டாக்டர் எடுத்துவிட்டார். ஈரத்துணியால் பிடி, அவள் முக்கும்போது மட்டும் இழு, கீழ்நோக்கி இழு, முக்காதபோது இழுக்காதே என்றார். துணிக்குள் அந்தக் கால்கள் கிழங்கு வேர் போல வழுக்கின. இழுத்தால் பிய்ந்துவிடும் என்று பயம், இழுக்காவிட்டால் இரண்டும் போய்விடும் என்று பயம். அவள் ஒருமுறை உடம்பையே முறுக்கி முக்கினாள், நான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். முழுதாக வந்தது, அசையவில்லை. துண்டில் வைத்துத் தேய் தேய் என்று டாக்டர் கத்தினார். தேய்த்தேன். திடீரென்று அது வாயைத் திறந்து, கதவுக்கீல் மாதிரி ஒரு சத்தம் போட்டது. லேப்டாப்பில் பிரதீப் சாரின் குரல் கேட்டது.

"எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணுங்க. நீ மட்டும் ஆன்லயே வெச்சிரும்மா, அடுத்தது வர்ற வரைக்கும் இந்த மீட்டிங் முடியாது."

நான்காவது

மூன்றாவது குட்டி நன்றாக வந்தது. நான்காவது நன்றாகத்தான் வந்தது, ஆனால் உயிர் இல்லை. எவ்வளவு தேய்த்தும் கதவுக்கீல் சத்தம் வரவில்லை. பெரும்பாக்கம் அதை மற்றவைபோலவே நக்கிச் சுத்தம் செய்தது, ஒரு காதுகூட விடவில்லை. அது தானாக விலகும்வரை எடுக்காதே என்று ஷீபா அக்கா சொல்லியிருந்தார். காத்திருந்து எடுத்தேன். கைக்குட்டையில் சுற்றிக் கீழே கொண்டுபோனேன். என்ன கேட்பது என்று தெரியாமல் தோட்டத்தில் நின்றேன். டீச்சர் கைக்குட்டையைப் பார்த்துவிட்டுக் களைக்கொத்தியோடு வந்தார்.

"அங்க வேணாம், அது நான் சமையலுக்குப் பறிக்கிற கறிவேப்பிலை. செம்பருத்திக்கு அடியில வை. ஜெபத்தை நான் பாத்துக்கறேன், நீ கையக் கழுவிட்டு மேல போ, மத்ததுங்களக் கவனி."

கேக் தராசு

உங்களுக்குத் தெரிந்ததுதான். குட்டி பிழைக்குமா என்பதை முகம் சொல்லாது, எடைதான் சொல்லும். தினமும் நிறுக்க வேண்டும், கொஞ்சமாவது கூட வேண்டும். டீச்சர் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மைதா நிறுக்கிற சின்னத் தராசை இரவல் வாங்கினேன். இரண்டு குட்டிகள் கூடின. நான் இழுத்தெடுத்ததே, அது கூடவில்லை. மற்ற இரண்டும் அதை மிதித்துக்கொண்டு ஏறிப் பால் குடித்தன. அது தாயின் முதுகுப்பக்கம் போய், வெறும் ரோமத்தைச் சப்பிக்கொண்டிருக்கும். மற்றவற்றைப் பிடித்து நிறுத்திவிட்டு, இதன் வாயைக் காம்பில் வைத்து, விழாமல் விரலால் தாங்கிக்கொண்டு உட்காருவேன். எடை ஒருநாள் கூடும், மறுநாள் குறையும். குறைந்த அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீச்சர் மூச்சு வாங்க மாடியேறி வந்து தராசை எட்டிப் பார்த்தார்.

"அடியே, ஒரு வெண்ணெய் பாக்கெட் கனம்கூட இல்லையேடி! இதுக்காகவா நீ சோறு தண்ணி இல்லாமக் கிடக்குற?"

பினாயில்

கண் திறக்கும்வரை காப்பாற்றிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சின்னதுகூட மெல்ல எடை கூட ஆரம்பித்தது. அப்போதுதான் டீச்சர் வீட்டில் ஞாயிறு மாலைக்கு வீட்டு ஜெபக்கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. வருகிறவர்கள் மாடிப்படியிலும் உட்காருவார்கள் என்று சனிக்கிழமையே படியெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார். நான் கடைக்குப் போயிருந்தபோது, பிள்ளை பாவம் தனியாகக் கஷ்டப்படுகிறதே என்று என் அறையையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாடை. பினாயில் பூனைகளுக்கு விஷம். வெறும் தண்ணீரால் நான்கு தடவை துடைத்தேன், ஜன்னலைத் திறந்தேன். ஞாயிறு காலையிலும் வாடை போகவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். நொண்டுகிற பூனை, குட்டிகளை விட்டு எங்கே போகும்?

குளித்துவிட்டு வந்தால் பெட்டியில் ஒரே ஒரு குட்டி. ஓடினேன். கீழே கார் ஷெட்டில் பெரும்பாக்கம் நின்றுகொண்டிருந்தது. வாயில் ஒரு குட்டி தொங்கியது. கார் இல்லை. கார் நின்ற இடத்தையே அது பார்த்துக்கொண்டிருந்தது. குட்டியைத் தரையில் வைத்து, மேலே நிமிர்ந்து, காரின் வயிறு இருந்த உயரத்துக்குக் காற்றை முகர்ந்து கூப்பிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. வாடையில்லாத இடம் தேடி முதல் குட்டியைக் கொண்டுபோய்க் காரின் எஞ்சினுக்குள் வைத்திருக்கிறது. அடுத்ததை எடுக்க மாடிக்கு வந்த நேரத்தில் அங்கிள் காரை எடுத்துவிட்டார். வாயிலிருந்தது பெரிய குட்டி, பெட்டியில் இருப்பது நடுவானது. போனது சின்னது.

தாயையும் இரண்டு குட்டிகளையும் அறையில் பூட்டிவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். டீச்சர் போன், அங்கிள் போன் இரண்டும் ஆஃப். சேகர் அண்ணாவிடம் விஷயத்தைச் சொன்னதும் சர்ச்சுக்கு வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன், எங்காவது சாம்பல் நிறத்தில் ஏதாவது கிடக்கிறதா என்று. அவரும் அதைத்தான் பார்க்கிறார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணும் ஆம்புடலமா. ஆம்புடாத வரிக்கும் நல்லதுதான், நீ அழுவாத குந்து."

சர்ச்சுக்குள்

அஸ்தினாபுரம் பக்கம்தான் சர்ச். வெள்ளைக் கார் மதிலோரம் நின்றது. பானெட்டில் கை வைத்தால் சுட்டது. காது வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை. சாவி அங்கிளிடம். அங்கிள் உள்ளே. உள்ளே முன்னூறு பேராவது இருப்பார்கள், நான் ஈரத்தலையும் துப்பட்டா இல்லாத சுடிதாருமாக நிற்கிறேன். வாசலில் நிற்பவரிடம் சொல்லி அனுப்பலாமா, பாட்டு முடியட்டுமா என்று வழக்கம்போல நூறு யோசனை வந்தது. அந்தச் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது. நடுவழியில் நேராக நடந்தேன். தலைகள் வரிசை வரிசையாகத் திரும்பின. அங்கிள் முன்வரிசையில் இருந்தார். ஏதோ ஜெபத்துக்காக எல்லோரும் அமைதியான அந்த விநாடியில், மெதுவாகச் சொல்ல நினைத்ததை என் தொண்டை உரக்கச் சொன்னது. "அங்கிள், கார் எஞ்சினுக்குள்ள என் பூனைக்குட்டி இருக்கு!"

அங்கிள் எழுந்து ஓடியதை அன்றுதான் பார்த்தேன். பானெட்டைத் தூக்கினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பேட்டரிக்குப் பின்னால், எஞ்சினிலிருந்து விலகிய ஒரு மூலையில், கருப்பாக ஏதோ சுருண்டிருந்தது. கிரீஸ் துணி என்று நினைத்தேன். அங்கிள் இரண்டு விரலால் எடுத்தார். துணி வாயைத் திறந்து, அதே கதவுக்கீல் சத்தம் போட்டது. அவருடைய வெள்ளைச் சட்டை கைவரை கருப்பானது. அதைப் பொருட்படுத்தாமல் குட்டியை மார்போடு பிடித்துக்கொண்டார்.

"உங்க டீச்சர வேற யார்கூடயாவது வரச் சொல்லிடு. இன்னிக்கு இனிமே இந்த வண்டிய நான் தொடமாட்டேன்."

அவள் முகர்ந்து பார்த்தது

இதோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர். கிரீஸைத் தாய் நக்கினால் தாய்க்கு ஆபத்து. கழுவினால் குட்டி வாடை மாறிவிடும், தாய் ஒதுக்கிவிடும். சேகர் அண்ணா வண்டியிலேயே வீடு திரும்பி, டாக்டர் போனில் சொல்லச் சொல்ல, சமையல் எண்ணெய் தொட்டு ஊறவைத்து, துளி பாத்திர சோப்பில் கழுவி, உலர்த்தி, பெட்டியில் கிடந்த நைட்டித் துணியால் உடம்பெல்லாம் தடவினேன். அப்படியும் அதன்மேல் கார் வாடைதான் அடித்தது. பெட்டியில் வைத்தேன். பெரும்பாக்கம் முகர்ந்தது. காதைப் பின்னால் மடக்கிச் சீறியது. குட்டி அப்படியே கிடந்தது. அது காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, வெண்ணெய் பாக்கெட் அளவுள்ள உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்?

நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அது இன்னும் மிரளும் என்பதால் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். யாருடைய காரிலோ வந்திறங்கிய டீச்சர், சர்ச் பட்டுப்புடவையோடு என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். பினாயிலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. எழுந்து பார்க்கப் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். டீச்சர்தான் கதவில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். உள்ளேயிருந்து சொரசொரப்பான நாக்கு ரோமத்தில் இழுபடும் சத்தம் எனக்கும் கேட்டது. சிறிது நேரம் கழித்து மிக மெல்லிய சப்புச் சப்பென்ற சத்தம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணக்கு டீச்சர் குரலில் சொன்னார்.

"மூணு வாய் சத்தம் தனித்தனியாக் கேக்குது, நான் எண்ணிட்டேன். எந்திரி, கீழ வந்து சோறு சாப்பிடு."

இப்போதாவது பயம் போயிற்றா என்று கேட்பீர்கள்; எங்கே போகும், கண் திறந்து, கால் முளைத்து, மூன்றாகப் பிரிந்து வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.